பெயர் வராத பலகாரம்

புதுச்சேரியில் ‘கிரியோல்’ என்று பலகை மாட்டிய சிறு ஓட்டலொன்றில் காலைப் பலகாரம் சாப்பிட்டேன். ஆம்லெட்டில் ‘வதுவான்’ மணத்தது. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து சேர்த்து வெயிலில் காயவைக்கிற நம் வடகந்தான். பிரெஞ்சு நாக்கில் பெயர் திரிந்து ஊர் திரும்பியிருக்கிறது. ருசியில் குறையில்லை. ஆனால் 1954-இல் பிரெஞ்சு ஆட்சி போனபிறகு, வீடுகளில் உயிரோடிருக்கும் அந்தச் சமையல், ஓட்டலில் விருந்தாளிக்குக் காட்டும் பழைய புகைப்படமாகிவிட்டது.

மறுவாரம் வல்லக்கோட்டை முருகனைத் தரிசித்துவிட்டு ஒரு கொட்டகைக் கடையில் உட்கார்ந்தேன். ஒரகடத்தில் இராவேலை முடித்து வந்த ஒடியா இளைஞன் பூரியைச் சாம்பாரில் தோய்த்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டான். கடைக்கார அம்மாள் கேளாமலே இன்னும் இரண்டு மிளகாய் வைத்தாள். அந்தத் தட்டுக்கு இன்னும் பெயர் வரவில்லை. புதுச்சேரிச் சமையலும் ஒருநாள் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும்.