திரையில் வெர்சாய்: ஆடையின் உண்மை எங்கே இருக்கிறது?

பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்ஸைக் காட்டும் படங்களின் ஆடைகளைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் சரிகையையும் நிறத்தையும் பார்க்கிறார்கள். அக்கால உடைக்கு உருவம் தந்ததோ உள்ளாடை. லினன் உள்சட்டை, அதன்மேல் திமிங்கலப் பட்டைகள் செருகித் தைத்த கச்சு, இடுப்பின் இருபுறமும் பாவாடையை விரித்துப் பிடிக்கும் ‘பானியே’ கூடு: இவற்றின் மேல்தான் முதுகு மடிப்புகள் தரைவரை விழும் ‘ரோப் ஆ லா ஃப்ரான்சேஸ்’ அமர்ந்தது. முன்பக்கத்தைக் குண்டூசிகளால் பொருத்தினார்கள். தையல் முழுவதும் கைவேலை. ஒரு படத்தின் வரலாற்று நேர்மையை இந்த அடியடுக்கிலிருந்தே அளக்க வேண்டும்.

1938இல் எம்ஜிஎம் எடுத்த ‘மரீ அன்டோனெட்’ படத்துக்கு ஏட்ரியன் உடையமைத்தார். பாவாடைகளின் அகலத்தில் பழைய ஓவியங்களின் பயிற்சி தெரிகிறது. நார்மா ஷியரரின் மெல்லிய புருவமும் ஒப்பனையும் 1930களின் ஹாலிவுட்டைச் சேர்ந்தவை. நட்சத்திர அழகை ஸ்டூடியோ விட்டுக்கொடுக்கவில்லை.

1960களில் ஆடை வரலாற்றாளர் ஜேனட் அர்னால்ட், எஞ்சியிருந்த பழைய ஆடைகளை அளந்து அவற்றின் வெட்டு வரைபடங்களை வெளியிட்டார். ஓவியத்தில் தெரியாத தையலும் உள்வேலையும் வடிவமைப்பாளர்களின் கைக்கு வந்தன. ‘பாரி லிண்டன்’ (1975) படத்தில் மிலேனா கனோனெரோவும் உல்லா-பிரிட் சோடர்லுண்டும் ஆடையை அன்றாடம் உடுத்துவதாகக் காட்டினார்கள். ‘டேஞ்சரஸ் லியசான்ஸ்’ (1988) இன்னும் ஒரு படி மேலே போனது. மர்த்தேய் சீமாட்டிக்கும் வால்மோனுக்கும் பணியாட்கள் அடுக்கடுக்காக உடுத்திவிடுவதில்தான் படமே தொடங்குகிறது. ஜேம்ஸ் ஆச்சிசனின் ஆடைகள் அங்கே போர்க்கவசமாகின்றன.

சோஃபியா கொப்போலாவின் ‘மரீ அன்டோனெட்’ (2006) இனிப்புப் பண்ட நிறங்களுக்காகவும், ஓரிடத்தில் தெரியும் கான்வர்ஸ் காலணிக்காகவும் கண்டிக்கப்பட்டது. அவை தெரிந்தே செய்த மீறல்கள். அடிப்படை மாற்றத்தை கனோனெரோ அதில் சரியாகப் பிடித்திருக்கிறார்: அரண்மனையின் இறுக்கமான பட்டிலிருந்து த்ரியனோன் மாளிகையின் தளர்ந்த வெள்ளை உடைக்கு அரசி நகர்கிறாள். அத்தகைய உடையில் அரசியை விஜே லெப்ரன் தீட்டிய ஓவியம் 1783ஆம் ஆண்டுக் கண்காட்சியில் எதிர்ப்பைக் கிளப்பி, அகற்றப்பட்டது. அரசி எதை உடுத்தலாம் என்ற அந்த அரசியல் படத்தின் துணியிலேயே இருக்கிறது.

‘லெஸ் அதியூ ஆ லா ரேன்’ (2012) புரட்சி வெடித்த 1789 ஜூலையை அரசிக்குப் புத்தகம் வாசிக்கும் பெண்ணின் கண்வழி காண்கிறது. அரசியின் நெருங்கிய தோழி பொலிஞ்ஞாக் சீமாட்டியின் பச்சை உடையை அணிந்து, அவளுக்குப் பதிலாக ஆபத்தில் போகும்படி அந்தப் பெண் பணிக்கப்படுகிறாள். உடைக்குள் இருந்த அதிகாரத்தை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன படம் அரிது.

இன்னும் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் உண்டு. வெறும் உடம்பின்மேல் கச்சு, மூச்சுத் திணற இழுத்துக் கட்டும் காட்சி, சபையில் அவிழ்ந்து தொங்கும் கூந்தல் ஆகியவை அவற்றில் சில. உழைக்கும் பெண்களும் கச்சணிந்தே வேலை செய்தார்கள். மார்பைத் தாங்கி உடலைக் கூம்பு வடிவில் நிறுத்துவதே அதன் பணி. பருத்தியும் மறக்கப்படுகிறது. சோழமண்டலக் கரையிலிருந்தும் இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்தும் போன வண்ணத்துணிகள் உள்நாட்டு நெசவை அச்சுறுத்தியதால், பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அவற்றைத் தடைசெய்தது. தடையை மீறியும் மக்கள் உடுத்தினார்கள். பட்டோடு நின்றுவிடும் படம் இந்த வணிகத்தையும் சண்டையையும் இழக்கிறது.

நிறத்தில் சுதந்திரம் எடுக்கும் கலைஞரை ஏற்கலாம். உடல் எப்படி நின்றது, யார் தைத்தார், துணி எங்கிருந்து வந்தது என்று கேட்காத படம் எத்தனை சரிகை பூட்டினாலும் அக்காலத்தை எட்டாது.