பாடம் வேண்டாமென்றவள்

டென்மார்க் தேசத்துக் கதாசிரியை காரென் பிளிக்ஸன், ஐஸக் டினேஸன் என்ற புனைபெயரில், 1950-ல் ஓர் அமெரிக்க மாதர் பத்திரிகையில் எழுதிய கதை 'பாபெட்டின் விருந்து'. 1987-ல் காப்ரியேல் ஆக்ஸெல் அதைப் படமாக எடுத்தார். ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. படம் பார்த்தவர்கள் எல்லோரும் விருந்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஆமை சூப்பும் காடைக் கறியும் மனசில் நிற்பது இயற்கைதான். எனக்கென்னவோ, கதையின் உயிர் விருந்துக்கு வெகு நாள் முன்னால், ஒரு பெண் பாட்டு வாத்தியாருக்கு இனிப் பாடம் வேண்டாமென்று சொல்லியனுப்புகிற இடத்தில் இருப்பதாகப் படுகிறது.

நார்வேயில் ஒரு கடலோரச் சிற்றூர். அங்கே தமக்கென்று ஒரு சிறு பக்தர் கூட்டத்தை வைத்து நடத்தும் பாதிரியார். மார்ட்டின் லூதரையும் அவர் நண்பர் மெலாங்க்தனையும் நினைத்து மகள்களுக்கு மார்ட்டீன், பிலிப்பா என்று பெயரிட்டவர். பாரிஸ் ஆபராவின் பிரபல பாடகர் பாப்பேன், கோயிலில் இளையவளின் குரலைக் கேட்டுவிட்டு, பாரிஸே இவள் காலில் விழும் என்று தீர்மானித்துப் பாடம் சொல்லித் தருகிறார். ஒரு நாள் மோட்ஸார்ட்டின் காதல் பாட்டொன்றை இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். பாடி முடித்த வேகத்தில் அவர் அவளை முத்தமிட்டுவிடுகிறார். பிலிப்பா வீட்டுக்குப் போய், பாடத்தை நிறுத்திக்கொள்வதாக எழுதிவிடும்படி தகப்பனாரிடம் சொல்கிறாள். அவ்வளவுதான்.

இது பக்தியா, தகப்பன்மேல் பாசமா, வெறும் கோழைத்தனமா? அக்காள் தங்கையின் முகத்தை ஆராய்கிறாள். அந்த மனிதர் முத்தமிட முயன்றிருப்பாரோ என்றுகூடச் சந்தேகிக்கிறாள். தங்கை தன் சுபாவத்திலேயே எதையோ கண்டு பயந்திருக்கலாம் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. ஆசிரியை இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். முதல் தடவை படித்தபோது, அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, இவள் கோழை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அது அவசரத் தீர்ப்பு. தகப்பனார் இறந்த பிறகும் அவருடைய கூட்டத்தைக் கட்டிக் காத்து, கைக்காசை ஏழைகளுக்குச் செலவழித்து, அக்காளோடு அந்த வீட்டிலேயே அவள் கிழவியாகிறாள். ஒரு கணத்துப் பயம் ஏறக்குறைய 30 வருஷம் கஞ்சி காய்ச்சி ஊற்றாது.

நம் பத்திரிகைக் கதைகளில் ஒரு பெண் குடும்பத்துக்காகப் பாட்டை விட்டுவிட்டால், கடைசிப் பக்கத்தில் அவளுக்குப் பரிசோ தண்டனையோ கிடைக்காமல் போகாது. (நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.) டினேஸன் இரண்டையும் தரவில்லை. 1871-ல் பாப்பேனிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. தனியனாய், மறக்கப்பட்ட கிழவனாய் இருக்கும் அவர், வாழ்க்கையில் நல்ல பாகத்தைத் தேர்ந்தெடுத்தவள் நீதானோ என்கிறார். அதே கடிதத்தில், சொர்க்கத்திலாவது உன் குரலைக் கேட்பேன் என்றும் எழுதுகிறார். முதலாவதைச் சொல்பவருக்கு இரண்டாவது ஆசை எதற்கு? ஆசிரியை அதற்கும் விளக்கம் சொல்லவில்லை.

படத்தில் எனக்கு ஒரு குறை. கதையிலுள்ள ஊர், பல வர்ணம் பூசிய மரவீடுகளோடு குழந்தைகளின் பொம்மை ஊர் போல இருக்கும். ஆக்ஸெல் கதையை டென்மார்க்கின் ஜட்லாண்ட் கரைக்கு மாற்றி, எங்கும் சாம்பல் நிறத்தை அடித்துவிட்டார். பார்க்கிறவனுக்கு உடனே இரக்கம் வந்துவிடுகிறது: ஐயோ, இந்த இருட்டுக்காகவா பாரிஸை விட்டாள்! பிலிப்பா இரக்கத்துக்குரியவளாக எழுதப்பட்டவள் அல்ல. ஆனால் பாப்பேனாக நடித்த லாஃபோன் நிஜமாகவே ஆபரா பாடகர். அதனால் பாட்டுக் காட்சி அச்சில் இல்லாத சூட்டோடு வந்திருக்கிறது.

விருந்து முடிந்த இரவில், லாட்டரியில் விழுந்த 10,000 பிராங்கையும் ஒரே சாப்பாட்டில் செலவழித்துவிட்ட சமையற்காரி பாபெட்டை, பிலிப்பா கட்டிக்கொள்கிறாள். பாப்பேன் 12 வருஷத்துக்கு முன் தனக்கு எழுதிய ஆறுதலையே அவளுக்குச் சொல்கிறாள். அத்தனை வருஷமும் அந்த வார்த்தைகள் அவளுக்கு மனப்பாடமாக இருந்திருக்கின்றன! பாபெட்டின் உடம்பு சலவைக் கல்லாக நிற்கிறது. உச்சிமுதல் உள்ளங்கால்வரை நடுங்குகிறவள் பிலிப்பா.