வெடிச் சத்தத்தோடு நின்றுபோகும் கதை

தீபாவளி நெருங்கினால் எங்கள் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு செய்தி உறுதி. கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் இந்த வருஷமும் வெடி வெடிக்கவில்லை, கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காக. வனத்துறை இனிப்பு கொடுத்தது. கூடவே ஒரு நாரைப் படம். அவ்வளவுதான். நானும் அப்படி ஒன்று எழுதினவன்தான். சமீபத்தில் அதைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஊரைப் பற்றிச் சொன்னது சரி. பறவையைப் பற்றி ஒன்றுமே இல்லை. போதாக்குறைக்கு, 'ஜோடி பிரியாமல் குடும்பம் நடத்தும் பறவைகள்' என்று ஒரு வரி வேற.

அந்த வரியிலிருந்தே தொடங்கலாம். 1977-இல் சரணாலயமான வேட்டங்குடிக்கு வரும் பறவைகளில் உண்ணிக்கொக்கும் ஒன்று. ஜப்பானில் இதே கொக்கைக் கவனித்த புஜியோகாவும் யமகிஷியும் 1981-இல் எழுதியது வேறு கதை. ஆண் கொக்கு வெளியே போன நேரம் பார்த்து, பக்கத்துக் கூட்டு ஆண் வந்து பெட்டையோடு சேர்ந்துவிடும். கூடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் 'ஜோடி' என்பது கூடு காக்கும் ஏற்பாடு. சேர்க்கைக்கு அது வேலி இல்லை.

இதில் பாக்டீரியா எங்கே வந்தது என்று கேட்பீர்கள். பறவைக்கு எச்சம், முட்டை, விந்து எல்லாவற்றுக்கும் ஒரே துளைதான். சேரும்போது இரண்டு துளையும் தொட்டுக்கொள்ளும். குடலில் இருப்பதும் சேர்ந்தே கைமாறும். அலாஸ்காவில் கிட்டிவேக் எனும் கடற்காகத்தில் இதைச் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். விந்து பெட்டைக்குள் போகாதபடி ஆணுக்கு ஒரு தடுப்பு மாட்டினார்கள். அதன்பிறகு ஜோடியின் பாக்டீரியாக் கூட்டம் ஒன்றுக்கொன்று வித்தியாசப்பட்டுக்கொண்டே போனது. பெட்டையிடம் இருந்த வகைகளும் குறைந்தன. ஆக, கைமாறுவது நிஜம்.

கெடுதலா என்பது தனிக் கேள்வி. பாக்டீரியா என்றாலே நோய் என்று பழகிவிட்டோம். நல்ல நுண்ணுயிர்களைப் பெறுவதற்காகவும் பெட்டை பலமுறை சேரலாம் என்று 1999-இல் லொம்பார்டோவும் கூட்டாளிகளும் ஒரு கருதுகோளை வைத்தார்கள். கருதுகோள்தான், முடிவு இல்லை. நம்ம வயல்களில் திரியும் கொண்டலாத்தியைப் பாருங்கள். அடைகாக்கும் பெட்டையின் வால் சுரப்பியில் பாக்டீரியா குடியிருக்கிறது. நாற்றமடிக்கும் அந்தச் சுரப்பை அது முட்டை மேல் பூசிக்கொள்கிறது. முட்டைக்கு அது காவல் என்று ஸ்பெயின் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நாம் அசிங்கம் என்று மூக்கைப் பொத்துவது அதற்கு மருந்து.

குளிர்க்கடல் பாறையில் வாழும் பறவையின் முடிவை அப்படியே நம் கண்மாய்க்குக் கொண்டுவந்து ஒட்டக்கூடாது. அதைச் செய்தால், 'ஜோடி பிரியாது' என்று எழுதின அதே தப்பை வேறு வார்த்தையில் செய்வேன். எச்சம் விழும், நீர் வற்றும், கூடுகள் நெருங்கும் நம் கண்மாயைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஏன் அவசரம்? 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பார் ஏரியில் ஆயிரக்கணக்கான பறவைகள் செத்தன. காரணம் பொட்டுலிச நஞ்சு என்று பரேலி கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் உறுதிசெய்தது. இது சேர்க்கையால் வந்தது இல்லை. அழுகும் பிணத்தில் பாக்டீரியா நஞ்சை உண்டாக்கும், அது புழுவில் சேரும், புழுவைத் தின்ற பறவையும் சாகும். செத்ததைச் சீக்கிரம் அப்புறப்படுத்தினால் அந்தச் சங்கிலி அறும்.

அங்கே ஒரு வெடிகூட வெடிக்கவில்லை.

கொள்ளுக்குடிப்பட்டி தன் பங்கைச் செய்துவிட்டது. எழுதுகிற நாம்தான் பாக்கி வைத்திருக்கிறோம். அடுத்த தீபாவளிக்கு நான் எழுதினால், கண்மாயில் தண்ணீர் எப்படி இருக்கிறது, கரையில் செத்துக் கிடந்த கொக்கை யார் எடுத்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன்.