கஞ்சிராவுக்கு முன்வரிசை

இந்த மாதம் புது இசைத்தட்டு ஒன்று, மேடைக் கச்சேரி ஒன்று என்று தனித்தனியாகத் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டும் ஒன்றாகவே கிடைத்தன. சக்தி குழு தன் 50 ஆண்டு நிறைவையொட்டி 2023இல் நடத்திய சுற்றுப்பயணத்தின் மேடைப் பதிவு, 2025இல் 'மைண்ட் எக்ஸ்ப்ளோஷன்' என்ற பெயரில் வெளிவந்தது. கிட்டார் ஜான் மெக்லாஃப்லின், பாட்டு சங்கர் மகாதேவன், வயலின் கணேஷ் ராஜகோபாலன், தபலா ஜாகிர் உசேன், கஞ்சிரா செல்வகணேஷ். ஜாகிர் உசேன் 2024 டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் காலமாகிவிட்டார். இந்த ஐவரையும் இனி ஒரே மேடையில் கேட்க வழியில்லை. ஆனால் அந்தத் துக்கத்துக்காக இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. நம் கச்சேரி மேடையில் ஐம்பது ஆண்டுகளாகத் தீராமல் கிடக்கும் ஒரு கணக்கை இந்தப் பதிவு தீர்த்துக் காட்டுகிறது. அதனால்தான் இதை முதலிடத்தில் வைக்கிறேன்.

சென்னையில் ஒரு சபா மேடையை நினைத்துப் பாருங்கள். நடுவில் பாடகர், ஒரு பக்கம் வயலின், மறு பக்கம் மிருதங்கம். கடமோ கஞ்சிராவோ இருந்தால் சற்றுப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கும். அதற்குப் பெயரே உபபக்கவாத்தியம். பக்கவாத்தியத்துக்கும் பக்கவாத்தியம். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குப் பத்து, பன்னிரண்டு நிமிடம் ஒதுங்கும். அதில் கஞ்சிராக்காரர் கைக்கு வருவது மூன்றோ நான்கோ நிமிடம். அந்த நேரம் பார்த்துத்தான் அரங்கில் பாதிப் பேர் எழுந்து கேன்டீனுக்கு நடக்கிறார்கள். பல ஆண்டுகள் சாதகம் செய்த ஒரு வித்வான், காலியாகிக்கொண்டிருக்கும் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே கோர்வை வைப்பது எனக்கு எப்போதும் வலிக்கிற காட்சி.

1975இல் சக்தி இந்த அமர்வு முறையையே மாற்றியது. அந்த ஆண்டு ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் அவர்கள் வாசித்ததுதான் முதல் இசைத்தட்டாக 1976இல் வெளிவந்தது. அதுவும் மேடைப் பதிவே. தன் முந்திய குழுவான மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் மின்கிட்டார் இரைச்சலில் உச்சம் தொட்டிருந்த மெக்லாஃப்லின், அதை விட்டுவிட்டு மின்சாரம் இல்லாத கிட்டாரோடு ஜமக்காளத்தில் வந்து உட்கார்ந்தார். ஒலித்துளைக்கு மேலே குறுக்காக ஏழு அதிர்வுத் தந்திகள் பூட்டிய கிட்டார் அது. தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் பிடிக்க வசதியாக விரல்பலகையையும் குடைந்து செய்திருந்தார்கள். பக்கத்தில் யாழ்ப்பாணத்தில் பிள்ளைப் பருவத்தைக் கழித்த எல். சங்கரின் வயலின். மிருதங்கத்துக்கு ராமநாதபுரம் ராகவன், தபலாவுக்கு இருபத்து நான்கு வயது ஜாகிர் உசேன். கடத்துக்கு விக்கு விநாயக்ராம்.

விக்கு விநாயக்ராம் அப்போதே பெரிய வித்வான். 1966இல் ஐ.நா. சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது கடம் வாசித்தவர். அத்தகையவருக்கும் நம் சபா மேடையில் கிடைத்தது பின்னிடம்தான். சக்தியில் அவருக்குக் கிட்டாருக்கும் வயலினுக்கும் சமமான இடம். முதல் தட்டின் தொடக்க உருப்படி பதினெட்டு நிமிடம் ஓடுகிறது. கிட்டாரும் வயலினும் மின்னல் வேகத்தில் போனதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் ஒவ்வொரு முறையும் காத்திருப்பது கடத்தின் வாய் வயிற்றில் பதிந்து பிரியும்போது எழும் அந்தக் கும்மென்ற நாதத்துக்காக. மானாமதுரை மண்ணின் கனம் அமெரிக்கக் கல்லூரி அரங்கில் கேட்கிறது.

அவர் மகன் செல்வகணேஷ் 1997க்குப் பிறகு 'ரிமெம்பர் சக்தி' என்று குழு மறுபடி திரண்டபோது உள்ளே வந்தார். தமிழ்நாட்டில் பலருக்கு அவரை 'வெண்ணிலா கபடி குழு'வின் இசையமைப்பாளராகத்தான் தெரியும். அவர் கையில் இருப்பது ஒரு சாண் அகல வாத்தியம். பலாமர வளையம், ஒரு பக்கம் மட்டும் தோல், பக்கவாட்டில் ஒரே ஒரு வெட்டில் சில்லுகள். முன்பு உடும்புத்தோல்தான் போர்த்துவார்கள். வனவிலங்குச் சட்டம் வந்தபின் செயற்கைத் தோலும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. பஜனைக் கூடத்தில் கிடந்த இதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மாம்பூண்டியா பிள்ளை. அவர் சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை அதை வளர்த்தார். நம் காலத்தில் ஜி. ஹரிசங்கர் அதன் எல்லையை எங்கேயோ கொண்டுபோய் வைத்தார்.

வாசிக்க ஒரு கைதான். மற்றக் கை வாத்தியத்தைப் பிடித்தபடியே விளிம்பில் தோலை அழுத்துகிறது, விடுகிறது. தோலில் தண்ணீர் தடவினால் சுருதி இறங்குகிறது, அரங்கின் சூட்டில் காய்ந்தால் ஏறுகிறது. மிருதங்கத்துக்கு இரண்டு முகம், தபலாவுக்கு இரண்டு பாகம். கஞ்சிராக்காரர் அவை இரண்டும் பேசுவதை ஒரே தோலில், ஐந்து விரலில் பேசியாக வேண்டும். 'மைண்ட் எக்ஸ்ப்ளோஷன்' முழுக்கச் செல்வகணேஷ் இதைச் செய்கிறார். அவர் எழுப்பும் அடிநாதம் ஒரு பேஸ் கிட்டாரின் வேலையைச் செய்கிறது. இந்தக் குழுவுக்குத் தனியாகப் பேஸ் வாத்தியம் தேவைப்படாததற்கு அதுவே காரணம்.

ஜாகிர் உசேன் செய்வது இன்னும் நுட்பமானது. இந்துஸ்தானி முறையில் தபலாக்காரர் டேக்கா என்ற சுற்றை விடாமல் வாசித்து, பாடுகிறவர் சாய்ந்துகொள்ளத் தூணாக நிற்பார். மிருதங்கக்காரர் அப்படியல்ல. பாட்டின் எடுப்பு எங்கே, சங்கதி எங்கே திரும்புகிறது, வரி எங்கே நிற்கிறது என்று உடன் நடப்பவர். சக்தியில் ஜாகிர் பெரும்பாலும் மிருதங்கக்காரரின் புத்தியோடு வாசிக்கிறார், கணேஷின் வயலின் சொற்றொடர் முடிகிற இடத்தில் அவர் விரலும் முடிகிறது. அப்போது சுற்றைக் காக்கும் வேலையைக் கஞ்சிரா ஏற்றுக்கொள்கிறது. சற்று நேரத்தில் பொறுப்பு கைமாறுகிறது. யார் பிரதானம், யார் உப என்று பிரித்துச் சொல்ல முடியாது. கபடியில் ஒருவன் பாடிப் போகும்போது எதிரணியின் சங்கிலி மொத்தமும் அவன் காலைப் பார்த்தே நகர்வது போல, ஒருவர் முன்னே போனால் மற்ற நால்வரும் கண்ணெடுக்காமல் அவருக்கேற்ப நகர்கிறார்கள்.

ஜாகிரும் செல்வகணேஷும் மாறி மாறி வாசித்துக் குறைப்புக்கு வரும் இடங்களைத் தனியாகக் கேளுங்கள். சில ஆவர்த்தனங்களில் தொடங்கிய பேச்சு ஓர் ஆவர்த்தனமாகி, அரையாகி, காலாகி, கடைசியில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று நெருங்குகிறது. இடையில் தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் புகுந்துவிடுகிறது. தோலில் வந்தது நாக்கில் வருகிறது, நாக்கில் வந்தது திரும்பத் தோலுக்குப் போகிறது. பிறகு மும்முறை வைத்து முடிக்கும் கோர்வை. அயல்நாட்டு அரங்குகளில் தாளம் போடத் தெரியாதவர்கள்கூட அந்த மூன்றாவது முறைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். சமத்தில் விழுந்ததும் எழும் ஆரவாரம் கிட்டாருக்குக் கிடைப்பதற்குக் குறைந்ததல்ல.

இதற்கு முந்திய 'திஸ் மொமென்ட்' தட்டு 2023 ஜூனில் வந்தது. 1977க்குப் பிறகு, 46 ஆண்டு கழித்துச் சக்தி செய்த ஸ்டூடியோ தட்டு. 2024 பிப்ரவரியில் கிராமி வாங்கியது. அதே இரவில் ஜாகிர் மொத்தம் மூன்று கிராமி பெற்றார். பெருந்தொற்றுக் காலத்தில் ஆளுக்கொரு ஊரில் இருந்து பதிவு செய்து இணைத்த தட்டு அது. சுத்தம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, 2014இல் 45 வயதில் போய்விட்ட மாண்டலின் ஸ்ரீநிவாஸுக்கு அஞ்சலியாக ஓர் அருமையான உருப்படியும் இருக்கிறது. ஆனாலும் ஒருவர் வாசித்ததற்கு மற்றவர் அந்தக் கணமே திகைத்து, சிரித்து, பதில் சொல்கிற ஓசை அதில் கிடைக்கவில்லை. 'கிரிராஜ் சுதா' என்ற உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். மும்பை மேடையில் பதிவாகி 2001இல் வந்த ரிமெம்பர் சக்தியின் 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' தட்டில் அது இருக்கிறது, 'திஸ் மொமென்ட்'டிலும் இருக்கிறது. மும்பைப் பதிவில் ஸ்ரீநிவாஸின் மாண்டலின் ஒன்றைச் சொல்ல, கூட்டமே அதற்குத் தலையாட்டுவது கேட்கும். ஸ்டூடியோவில் ஒவ்வொரு வாத்தியமும் துல்லியமாக ஒலிக்கிறது, ஆனால் தனித்தனியாக நிற்கிறது. எனக்கு மும்பைதான் வேண்டும்.

குறையும் உண்டு. சுற்றுப்பயண மேடைகளின் உற்சாகத்தில் வேகம் அடிக்கடி முந்திக்கொள்கிறது. கணேஷ் ராஜகோபாலன் ஒரு ராகத்தை விளம்பமாக விரித்தால் என்ன ஆகும் என்பதை கணேஷ் – குமரேஷ் கச்சேரிகளில் கேட்டவர்கள் அறிவார்கள். இங்கே அவர் நிதானமாகத் தொடங்கிய ஆலாபனை கனிவதற்குள் தாளம் வந்து நின்றுவிடுகிறது. மெக்லாஃப்லின் இப்போது கையாளும் மின்கிட்டாரின் தொனியும் எனக்கு ஒட்டவில்லை. 1975இன் மரக்கிட்டாரில் இருந்த தந்தியின் உராய்வு இதில் இல்லை. எண்பது வயது கடந்தும் கணக்கு பிசகாத அவர் கை மீது இருக்கும் மரியாதையோடுதான் இதைச் சொல்கிறேன்.

சங்கர் மகாதேவனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், குரல் மூன்று ஸ்தாயியிலும் தளராமல் நிற்கிறது.

இதைக் கேட்டு முடித்தவர்கள் அடுத்து ஹரிசங்கரின் கஞ்சிரா இருக்கும் பழைய கச்சேரிப் பதிவுகளுக்குப் போகலாம். அப்போதுதான் செல்வகணேஷ் எந்த வழியில் நடந்து வந்தார் என்பது விளங்கும். சபாக்காரர்களிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. வரும் மார்கழியில் ஒரு சில கச்சேரிகளிலாவது கடத்தையும் கஞ்சிராவையும் மிருதங்கத்தோடு ஒரே வரிசையில் உட்காரவையுங்கள். தட்டியில் பெயரை அதே அளவு எழுத்தில் போடுங்கள். கஞ்சிராவின் அடிநாதம் பிடிக்கக்கூடிய நல்ல மைக் ஒன்றைக் கொடுங்கள், பல அரங்குகளில் சில்லுச் சத்தம் மட்டும்தான் கடைசி வரிசைக்கு வருகிறது. தனிக்கு இருபது நிமிடம் கொடுத்து, அதற்குப் பிறகு துக்கடாவைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிப் பாடகரிடம் முன்பே பேசிவிடுங்கள்.