‘எலிபன்ற் வோக்’: தோட்டக் காதற் கதையும் மறக்கப்பட்ட பாதையும்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டெழுந்த ஆங்கிலக் காதல் நாவல்களுள் பரவலாக அறியப்பட்டது றொபேட் ஸ்ரான்டிஷ் எழுதிய ‘எலிபன்ற் வோக்’ ஆகும். 1948 இல் வெளிவந்த இந்நாவல், வில்லியம் டீற்றர்லேயின் நெறியாள்கையில், எலிசபெத் ரெயிலர், பீற்றர் ஃபிஞ்ச் முதலியோர் நடிக்க 1954 இல் திரைப்படமாகியது. இத்தகைய ஆக்கங்களைப் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுவது எமது விமரிசகரிடையே வழக்கம். ஆயின், பண்டாரவளை, எல்ல, ஹப்புத்தளை ஆகிய ஊர்களுக்கு விடுமுறையைக் கழிக்க வருவோர் பழைய துரைமார் பங்களாக்களில் தேடும் இன்பக் கற்பனை இக்கதைகளால் வளர்க்கப்பட்டதே. ஆதலின் இக்கற்பனை எதனை நினைவிற் கொள்கிறது, எதனை மறக்கிறது என ஊவாவில் நின்று வினவுவது பொருத்தமாகும்.

கதை எளிமையானது. இங்கிலாந்திலிருந்து மணப்பெண்ணாக வரும் றூத், கணவனின் தோட்டப் பங்களாவிற் குடியேறுகிறாள். யானைகள் வழிவழியாக நடந்துசென்ற பாதையின் குறுக்கே எழுப்பப்பட்டது அப்பங்களா. இறந்துபோன மாமனாரின் அதிகாரம் அவ்வீட்டில் இன்னும் நிலவுகிறது. மணவாழ்வு கசக்கிறது, வேறோர் ஆடவன்பால் அவள் மனம் சாய்கிறது. திரைப்படத்தின் இறுதியில் யானைகள் மதிலை உடைத்து உட்புக, பங்களா தீக்கிரையாகிறது. பிரிய இருந்த தம்பதியர் ஒன்றிணைகின்றனர்.

இக்கதையில் யானை வெறும் காட்சிப் பொருளாக வரவில்லை என்பதை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். பிறர் வழியை மறித்துக் கட்டியவனின் ஆணவம் ஒருநாள் தகரும் என்ற உணர்வை அது தாங்கி நிற்கிறது. குடியேற்றவாதத்தின் குற்றவுணர்வு விலங்கின் வடிவிலேனும் வெளிப்படுவது இவ்வாக்கத்தின் வலிமை எனலாம். எனினும் வரலாறு வேறொன்றைக் கூறுகிறது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் றோஜர்ஸ் 1,400 இற்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக்கொன்றவர் எனப் பேசப்படுபவர். 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார். பதுளையிலுள்ள சென் மார்க் தேவாலயம் அவர் நினைவாக எழுப்பப்பட்டதாகும். கோப்பியும் பின்னர் தேயிலையும் பரவ, வேட்டையும் காடழிப்பும் சேர்ந்து உயர்மலைகளில் யானைகளைப் பெரும்பாலும் இல்லாதொழித்தன. கொன்றழித்த விலங்கினை, ஒரு நூற்றாண்டின் பின்னர் காதற் கதை பழிதீர்க்கும் சக்தியாக உயிர்ப்பித்தது.

யானையின் பாதையை நினைவுகூரும் இக்கற்பனை, மனிதரின் பாதையை நினைவுகூர்கிறதா? கோப்பிக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கி நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை நடந்தே கடந்தனர். வாந்திபேதியும் பசியும் காட்டு விலங்குகளும் பலரின் உயிரைப் பறித்தன. மலைநாட்டின் பொருளாதாரம் உருவாகிய பாதை அதுவே. திரைப்படத்திலும் வாந்திபேதி வருகிறது. ஆனால் அங்கே அது நாயகியின் கருணையை வெளிப்படுத்தவும், யானைகளைத் தடுக்க ஆளில்லாத நிலையை உண்டாக்கவும் கையாளப்படும் உத்தி மாத்திரமே. மடியும் தொழிலாளிக்குப் பெயரில்லை, கதையில்லை. யானைக்கு அளிக்கப்பட்ட பரம்பரை உரிமையும் நினைவாற்றலும் அவனுக்கு மறுக்கப்படுகின்றன.

நாவல் வெளிவந்த 1948 ஆம் ஆண்டிலேயே 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. இது தற்செயலான ஒற்றுமையே; நாவலாசிரியர் மீது நாம் பழி சுமத்தவில்லை. எனினும், தலைமுறைகளாக நடந்த தடமே உரிமைக்குச் சான்று என்று புனைகதை யானைக்காக வாதிட்ட வேளையில், தலைமுறைகளாக உழைத்த மனிதரிடம் சட்டம் பிறப்புச் சான்று கேட்டது. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே வந்தது.

மறக்கப்பட்ட இப்பாதையை மீட்டெடுத்தவை தமிழ் நாவல்களே. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) கடல் கடந்து வந்த வாழ்வைப் பெண்ணின் அனுபவமாக்கியது. பதுளை மாவட்டத் தோட்டமொன்றிற் பிறந்த தெளிவத்தை ஜோசப் (1934–2022), ‘காலங்கள் சாவதில்லை’ (1974) நாவலில் தோட்ட மக்களைக் கதையின் நடுவில் நிறுத்தினார். பங்களாவின் விறாந்தையிலிருந்து பார்க்கையில் பச்சைக் கம்பளமாகத் தெரியும் மலை, லயத்து வாசலிலிருந்து பார்க்கையில் வேலைத்தலமாகிறது. பார்வையின் இவ்விட மாற்றமே யதார்த்தவாதத்தின் அடிப்படை.

காதலைப் பாடும் நாவலை நாம் நிராகரிக்கவில்லை. லயத்திலும் காதல் உண்டு. மாடும் ஆடும் கோழியும் அங்கு குடும்பத்தின் சேமிப்பு. அவற்றையும் உள்ளடக்கிய காதல் நாவலை எமது எழுத்தாளர் படைக்கலாம், படைக்க வேண்டும். ஆயின் நிலத்தின் கேள்வியை அது தவிர்க்க இயலாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி, கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் மண் சரிந்து லயன்கள் புதையுண்டன. ஆபத்து முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. வேறிடத்தில் வீடமைக்கச் சொந்த நிலமற்றோரே அங்கு வாழ்ந்தனர். திரைப்படத்தில் பங்களா எரிகையில் தம்பதியர்க்குப் போவதற்கு வேறு உலகம் இருந்தது. மீரியபெத்த மக்களுக்கு அவ்வாறான உலகம் இருக்கவில்லை. தோட்டத்தைப் பற்றி எழுதப்படும் எந்தக் காதற் கதையையும் இவ்வேறுபாட்டை உரைகல்லாகக் கொண்டே நாம் மதிப்பிடல் வேண்டும்.