பொறுப்பும் கல்வியும் பதவியும்: இரு நாட்டுச் செவிலியர் தலைமை

பிரசவ அறையிலே, பார்ட்டோகிராம் என்று வழங்கும் தாள் ஒன்றுண்டு. கர்ப்பப்பையின் வாய் எத்தனை சென்டிமீட்டர் விரிந்திருக்கிறது, சிசுவின் இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது, பத்து நிமிடத்தில் வலி எத்தனை தடவை வந்து போனது என்பனவற்றையெல்லாம் புள்ளியிட்டுக் குறித்துச் செல்லும் அத்தாளில், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிவு என்னும் கணக்கில் ஓர் எச்சரிக்கைக் கோடும், அதற்கு நான்கு மணி நேரம் வலப்புறமாகத் தள்ளி மற்றொரு கோடும் வரையப்பட்டிருக்கும். புள்ளிகள் முதற்கோட்டைக் கடக்கத் தொடங்குவதை முதலிற் காண்பவர் பெரும்பாலும் இரவுப் பணியில் இருக்கும் செவிலியே. வைத்தியரை எழுப்புவதா, இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்ப்பதா, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் சொல்லிவிடுவதா என்று அவர் அந்த வேளையில் செய்யும் நிர்ணயமே செவிலியர் தலைமை என்பதன் கரு என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்தத் திறன் தலைமைப் பண்புகளைப் பற்றிய பிரசங்கங்களைக் கேட்பதனால் மாத்திரம் வளர்ந்துவிடுவதன்று. தமக்கென வரையறுத்த ஒரு பொறுப்பு, அப்பொறுப்பைத் தாங்கும் கல்வி, இவ்விரண்டையும் அங்கீகரிக்கும் பதவி ஆகியவை ஒருவரிடத்தே கூடும்போதுதான் அது நிலைபெறுகிறது. இலங்கை இவற்றுள் முதலாவதை வெகு காலத்துக்கு முன்பே கொடுத்தது. இந்தியா இரண்டாவதை முந்திக்கொண்டு கொடுத்தது. மூன்றாவதோ இரு நாடுகளிலும் இன்றுவரை அரைகுறையாகவே நிற்கிறது.

1926ஆம் ஆண்டில் களுத்துறையில், ராக்ஃபெல்லர் ஸ்தாபனத்தின் உதவியோடு இலங்கையின் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்டது. அதிலிருந்து கிளைத்த ஏற்பாட்டில், குடும்பநல உத்தியோகத்தர் என்று அரசு ஏடுகள் குறிப்பதும், ஊரார் இன்றும் மருத்துவிச்சி என்றே சொல்வதுமான பெண்ணுக்கு, ஏறக்குறைய 3,000 முதல் 5,000 பேர் வாழும் ஒரு நிலப்பரப்பு தனியே ஒப்படைக்கப்படுகிறது. கலியாணமாகி வந்த பெண் எந்த வீட்டில் இருக்கிறாள், யாருக்கு எத்தனையாவது மாதம், எந்தக் குழந்தைக்கு நிறை குறைந்திருக்கிறது என்பனவெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். கர்ப்பவதியின் பதிவட்டையில் ஒரு பிரதி தாயின் கையிலும் மற்றொன்று அவர் வசமும் இருப்பதால், கிளினிக்குக்கு வராது விட்டவளைத் தேடி அவரே படலையைத் திறந்துகொண்டு உள்ளே போவார். அவருடைய பயிற்சிக் காலம் 18 மாதங்களே. ஆயினும், அவருக்கு மேலே பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி ஒருவர் மேற்பார்வை செய்கிறார் என்பதும், அச்சகோதரி சுகாதார வைத்திய அதிகாரியோடு ஒரே பணிமனையில் அமர்ந்து தம் பகுதியின் நிலைமையை எடுத்துச் சொல்லுகிறவர் என்பதும் கவனிக்கத்தக்கவை. அதாவது, பிழையைத் திருத்துபவரும் வழிகாட்டுபவரும் தாதியத் தொழிலிலிருந்தே எழுந்து வந்தவர். பிரசவங்களில் நூற்றுக்கு 99க்கு மேல் வைத்தியசாலையில் நிகழ்வதும், கொரோனாவுக்கு முந்திய ஆண்டுகளில் லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குத் தாய் மரணம் 40க்குக் கீழே நின்றதும் இந்த வரிசையை நீக்கிவிட்டு விளங்கிக்கொள்ளக்கூடியவையல்ல.

தமிழ்நாட்டிலும் இத்தகைய ஏற்பாடு இல்லாமற் போகவில்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு கிராம சுகாதார செவிலியர், அவருக்கு மேல் பகுதி சுகாதார செவிலியர், அவருக்கும் மேல் சமுதாய சுகாதார செவிலியர் என்று படிகள் இருக்கின்றன. 2018–20 காலத்துக்குரிய அரசுக் கணக்கில் இந்தியா முழுவதற்கும் தாய் மரணம் லட்சத்துக்கு 97 என்றிருக்கையில் தமிழ்நாட்டில் அது 54 ஆக இருந்ததற்கு இவர்களும், ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் மூன்று செவிலியரை வைத்து இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கச் செய்த திட்டமும் பெருங்காரணம். ஆனால், அந்த இரவுகளைத் தாங்கிய செவிலியரிற் பலர் ஒப்பந்த ஊழியர்களாக, தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காக வைக்கப்பட்டிருந்தார்கள். நாளைக்கு வேலை இருக்குமோ என்று எண்ணிக் கலங்குகிற ஒருவரிடம் தலைமையை எதிர்பார்ப்பது நியாயமன்று; இதை நான் மனவேதனையோடே எழுதுகிறேன். கிராம சுகாதார செவிலியரோ, வீடு வீடாகச் செல்ல வேண்டிய பொழுதின் ஒரு கூற்றைக் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுவதற்குப் பறிகொடுக்கிறார்.

கல்வியின் கதை வேறு திசையில் ஓடுகிறது. 1819இல் இலங்கைக்கு வந்து பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்த ஜான் ஸ்கடர் 1836இல் சென்னைக்குப் பெயர்ந்தார்; அவருடைய பேத்தியான ஐடா ஸ்கடர் வேலூரில் எழுப்பிய மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றி, 1946இல் அது பட்டக் கல்வியாக வளர்ந்தது; டெல்லியிலும் அதே ஆண்டில் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கிற்று. அக்குடும்பம் முதலிற் பணி செய்த இலங்கையிலோ, தாதியர்க்குப் பட்டம் பெறும் வாய்ப்பு 1994இல் திறந்த பல்கலைக்கழகத்தின் மூலமாகத்தான் கிட்டியது. யாழ்ப்பாணம் உள்ளிட்ட ஏனைய பல்கலைக்கழகங்கள் அதற்கும் ஒரு தசாப்தம் பிந்தியே வந்தன. மூன்றாண்டுப் பயிற்சியை அரசே கொடுப்பனவோடு அளித்து அரசே உத்தியோகமும் தருவது இலங்கையின் பெருஞ்சிறப்பு. கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் படித்துவிட்டு, அக்கடனைத் தீர்க்க வளைகுடாவுக்கு விமானம் ஏற வேண்டிய நிர்ப்பந்தம் அங்கே அவ்வளவாக இல்லை. எனினும், தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் பழகித் தேர்ந்த தாதி அங்கே மேலே ஏற விரும்பினால், வார்டு சகோதரியாகவும் பிறகு மேற்றனாகவும் ஆகிப் பணிமுறைப் பட்டியலையும் பொருட்கணக்கையும் கையேற்க வேண்டியதுதான். நோயாளியின் படுக்கையருகே இருந்துகொண்டே உயர்வதற்கு அவ்வேணியில் படி இல்லை.

அந்தப் படியைக் கட்ட இந்தியா முயன்றிருக்கிறது. பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து அனுபவமும் பெற்றோருக்குத் தீவிர சிகிச்சையில் நர்ஸ் பிராக்டிஷனர் என்னும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்தது. அக்காலத்தின் மிகப் பெரும்பகுதி வார்டிலேயே கழிகிறது. நள்ளிரவில் ஒரு நோயாளியின் ரத்த அழுத்தம் சரிகிறதென்று கொள்வோம். எழுதி ஒப்புக்கொள்ளப்பட்ட நெறிமுறையின் வரம்புக்குள் நின்று நார்அட்ரினலின் சொட்டின் வேகத்தைக் கூட்டுவது, தமனி ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது, முடிவைப் பார்த்து வென்டிலேட்டரில் ஆக்ஸிஜன் அளவை மாற்றுவது, பின்பு தாம் செய்ததையும் செய்த காரணத்தையும் வைத்தியருக்கு நான்கு வாக்கியங்களில் தெளிவாகச் சொல்லுவது ஆகியவற்றுக்கு அவர் பயிற்றப்படுகிறார். உடனிருக்கும் இளைய செவிலி அதனைக் கண்ணாரக் காண்கிறாரே, அதுதான் தலைமையின் பாடம். மகப்பேற்றுத் துறையில் இத்தகைய பயிற்சிக்குத் தெலங்கானா 2017இல் வழிகாட்டியது. அடுத்த ஆண்டு மத்திய அரசு நாடு முழுமைக்கும் வழிமுறைகளை வெளியிட்டது. இலங்கை மருத்துவிச்சியின் பயிற்சியைப் போலவே அந்தப் பயிற்சியும் 18 மாதங்களே. ஆனால் அது முன்னமே செவிலியாகப் பதிவு பெற்றவருக்குரியது.

படித்து வெளியே வந்தால் நிலைமை என்ன? பல மருத்துவமனைகளில் அவருக்கெனத் தனிப் பதவியே கிடையாது. ஸ்டாஃப் நர்ஸ் என்ற பழைய பெயரும் பழைய சம்பளமும் அவரை வரவேற்கின்றன. ஆகவே, கற்றவர்களிற் பலர் கல்லூரி ஆசிரியராகவோ கடல் கடந்தோ போய்விடுகிறார்கள். பாடம் நடத்துபவரே வார்டின் பொறுப்பையும் ஏற்கும் வேலூர் முறை இக்குறைக்கு நல்ல பரிகாரம். அதனைப் பிற இடங்களில் ஏன் கைக்கொள்ளவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. இந்தியா 2023இல் பழைய கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாகத் தேசியச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆணையத்துக்கான சட்டத்தை இயற்றியது; இலங்கையிலும் 1988இன் தாதியர் பேரவைச் சட்டம் உண்டு. சட்டங்கள் பதிவையும் கல்வியையும் ஒழுங்கு செய்யலாம். பணி விதிகளில் ஒரு பதவியை எழுதி, அதற்குரிய ஊதியத்தை நிர்ணயிக்க வேண்டியது அரசுகளின் கடன்.

வைத்தியர்கள் இதற்குச் சொல்லும் ஆட்சேபம் இரு கரைகளிலும் ஒன்றேதான்: அதிகாரம் இரண்டானால் நோயாளிக்கு ஆபத்து என்பது. அது அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆனால் இன்றைய வழக்கமென்ன? இரவில் செவிலி தொலைபேசியில் நிலைமையைச் சொல்லுகிறார். மறுமுனையிலிருந்து அரைத் தூக்கத்தில் ஓர் உத்தரவு வருகிறது. சில வேளைகளில் அவர் கேட்டதற்கு ஆமென்று மட்டும் பதில் வருகிறது. காலையில்தான் கேஸ் ஷீட்டில் கையெழுத்து விழுகிறது. எல்லாம் நன்றாக முடிந்தால் அதனைப் பற்றிப் பேச்சில்லை. பிசகினால், அந்தக் கையெழுத்து விழுமுன்னரே விளக்கம் கேட்கப்படுபவர் செவிலிதான். எந்த மருந்தை, எந்த அளவு வரையில், எந்த அறிகுறி கண்டபோது அவர் தாமே கொடுக்கலாம் என்பதை மூத்த வைத்தியர் முன்கூட்டியே எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டால், அதிகாரம் இரண்டாவதில்லை. யாருடைய பொறுப்பு எதுவரையில் என்பது வார்டிலுள்ள அனைவருக்கும் தெரிந்திருக்கும்.