வெயில் இலவசம், தண்ணீர்?

சோலார் பம்புசெட்டைப் புகழ்கிறவர்கள் டீசலைப் பற்றியும் புகையைப் பற்றியும் நிறையப் பேசுகிறார்கள். கிணற்றைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

சோலார் பம்பின் நன்மை சின்னதல்ல. த்ரீ பேஸ் கரண்ட் நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில்தான் எழுந்து போக வேண்டும். கையில் டார்ச், வரப்பில் பாம்பு. மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு. பட்டப்பகலில், யாரையும் கேட்காமல் ஓடும் மோட்டாரின் அருமை அவர்களுக்குத் தெரியும். 2019-ல் ஒன்றிய அரசு சோலார் பம்புகளுக்கு மானியம் தரும் பி.எம்.குசும் திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் பம்பு விலையில் பாதிக்கு மேல் மானியம்.

பேனலைப் போட்டுவிட்டால் அடுத்த குடம் தண்ணீருக்குச் செலவே இல்லை என்பதில்தான் கோளாறு. டீசல் எஞ்சினாவது எண்ணெய் தீர்ந்தால் நிற்கும். செலவில்லாமல் நீர் இறைக்கும் இந்தப் பாதை நமக்குப் புதிதல்ல. 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை வட்டார விவசாயிகள் போராடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. உயிர் கொடுத்துப் பெற்ற அந்த உரிமையைக் கொச்சைப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் அதே கொங்கு மண்ணில் போர்வெல் ஆயிரம் அடிக்குக் கீழே இறங்கிவிட்டது. கடன் வாங்கி ஆழப்படுத்த முடிந்தவருக்குத் தண்ணீர் வருகிறது. பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வெறும் பள்ளமாகிறது.

இதைச் சொன்னால் உடனே ஏரிக் காலத்தைக் காட்டுவார்கள். குடிமராமத்தும் முறைப்பாசனமும் நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் மடையைத் திறந்து அடைத்த நீர்க்கட்டி பல ஊர்களில் தலித். நிலமும் ஊர்ச்சபையில் பேசும் உரிமையும் அவரிடம் இல்லை. கடைமடைக்காரர் தலைமடைக்காரரின் தயவில் பிழைத்தார். மோட்டார் வந்ததும் அந்தத் தயவு தேவைப்படாமல் போயிற்று. ஊர்ப்பொதுத் தண்ணீர் என்ற நினைப்பும் கூடவே போயிற்று.

குஜராத்தின் கேடா மாவட்டத்துத் துண்டி கிராமத்தில் வேறொன்று செய்து பார்த்தார்கள். சோலார் பம்பு வைத்த விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமாகி, பாசனம் போக மிஞ்சிய மின்சாரத்தை 2016 வாக்கில் விநியோக நிறுவனத்துக்கு விற்கத் தொடங்கினார்கள். மோட்டாரை நிறுத்தினால் காசு என்றாகிவிட்டது. மின்சாரத்துக்குக் கிடைக்கும் விலை குறைந்தாலோ, அண்டை வயலுக்குத் தண்ணீர் விற்பது அதைவிட லாபமானாலோ இந்தக் கணக்கு கவிழும். ஆனாலும் விவசாயி தலையில் கட்டணம் ஏற்றாமல் நிலத்தடி நீருக்கு மதிப்பு உண்டாக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

குசும் திட்டத்திலேயே இதற்கு இடமுண்டு: இருக்கும் பம்புகளைச் சோலாராக்கி, மின்கட்டமைப்போடு இணைத்து, மிச்சத்தை விற்கலாம். நீர்மட்டம் அதலபாதாளத்துக்குப் போய்விட்ட வட்டாரங்களில் தனித்தோடும் பம்புக்கான மானியத்தை நிறுத்தி, அந்தப் பணத்தை இதற்குத் திருப்புங்கள். விற்கும் மின்சாரத்துக்குக் கட்டுப்படியாகும் விலையையும் நிர்ணயம் செய்யுங்கள்.